குறைமாதக் குழந்தையின் மூச்சும் அக்குபிரஷரும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சு இரண்டு விதமாகத் தடுமாறும். நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதிய அளவு சுரந்திருக்காது. மூளையில் மூச்சை நடத்தும் பகுதி முதிராததால், 20 விநாடிக்கும் மேலாக மூச்சு நின்றுபோவதும் உண்டு. முதலாவதற்கு, மூச்சுப்பாதையில் தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியும் சர்ஃபாக்டன்ட் மருந்தும், அடுத்ததற்கு காஃபீனும் கைகொடுக்கின்றன. இவற்றோடு, உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரஷரையும் துணைக்குச் சேர்க்கலாமே என்கிறார்கள். சேர்த்தபின் பலன் தெரிந்தால், அது எதனால் வந்தது என்று பிரித்தறிவதுதான் சிக்கல்.

அக்குபிரஷரில் புள்ளியைக் குறிக்க நோயாளியின் கட்டைவிரல் அகலமே அளவுகோல், ‘சுன்’ என்பார்கள். உதாரணமாக, நெய்குவான் என்ற புள்ளி மணிக்கட்டு மடிப்பிலிருந்து 2 சுன் மேலே இருக்கிறது. ஒரு கிலோ எடைக் குழந்தையின் கட்டைவிரலோ சில மில்லிமீட்டர்தான். அழுத்தும் விரல்நுனி புள்ளியோடு அக்கம்பக்கத்தையும் மூடிவிடும். போதாததற்கு, மூச்சு நின்று மானிட்டர் அலறினால் நர்ஸ் உடனே உள்ளங்காலைச் சுண்டுவார், முதுகைத் தேய்ப்பார். பல சமயம் அதிலேயே மூச்சு திரும்பிவிடும். அங்கே புள்ளி எதையும் யாரும் தேடுவதில்லை. ஆகவே, அழுத்தியதும் ஆக்சிஜன் ஏறியது என்பதை வைத்துப் புள்ளிக்குப் பெயர் வாங்கித்தர முடியாது. அதைச் சோதிக்க, ஒரு குழுவுக்குப் புள்ளியில், இன்னொரு குழுவுக்கு வேறிடத்தில், அதே அழுத்தம் தர வேண்டும். யாருக்கு எது என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது.

நூற்றாண்டுகளாக இருந்துவரும் வைத்தியமாயிற்றே என்றால், 28 வாரத்தில் பிறந்த குழந்தைகள் பரவலாகப் பிழைக்கத் தொடங்கியதே சில பத்தாண்டுகளாகத்தான். அவர்களைப் பற்றி அந்த மரபுக்கு அனுபவம் ஏது? கெடுதல் இல்லையே என்பதும் சரியல்ல. அந்தத் தோல் எளிதில் காயப்படும், கை வழியே தொற்று வரும், தொட்டுக் கையாண்டாலே சில குழந்தைகளுக்கு ஆக்சிஜன் சரியும். அதற்காகத் தொடுகையையே ஒதுக்குவது எதிர்க்கோடிப் பிழை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு பராமரிப்பைப் பாருங்கள். குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வதுதான் அது. இந்தியா உள்பட 5 நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், நிலைமை சீரானபிறகு அதைத் தொடங்கிய குழுவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம், பிறந்ததுமே தொடங்கிய குழுவில் 12 சதவீதம். அக்குபிரஷரும் இதே தராசில் ஏறட்டும். அதுவரை மருத்துவர் ஒப்புதலோடு செய்வதானால், சிபாப்பைக் கழற்றாமல், காஃபீனை நிறுத்தாமல், மானிட்டரைப் பார்த்தபடியே செய்ய வேண்டும். ஆக்சிஜன் சரிந்தால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.