செந்நாய்க் குடும்பம் கற்பிக்கும் பாடம்

இராமநாதபுரம் சீமையில் வாழும் நமக்கு நரி பழக்கமானது. பனங்காட்டிலும் கருவேலங்காட்டிலும் அதன் ஊளையைக் கேட்டவர் பலர். ஆனால் செந்நாயைக் கண்டவர் நம்மில் அரியர். அது மலைக்காட்டு விலங்கு. எனினும் அதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. நம் பெரிய கண்மாய்க்கு நீர் கொணரும் வைகை, வருசநாட்டு மலைப்பகுதியில் பிறக்கின்றது. அதனை அடுத்த மேகமலைக் காடுகளில் செந்நாய்கள் இன்றும் வாழ்கின்றன. 2021-ஆம் ஆண்டு முதல் அப்பகுதி திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகமாக விளங்குகின்றது. முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலைக் காடுகளும் செந்நாயின் இருப்பிடங்களே.

செந்நாயின் எடை 12 முதல் 20 கிலோ வரைதான். செம்பழுப்பு உடலும் கருநிற அடர்வாலும் அதன் அடையாளங்கள். வீட்டு நாயைப்போல் அது குரைப்பதில்லை. அடர்ந்த காட்டில் பிரிந்துபோன தோழர்களைச் சீழ்க்கை போன்ற ஒலியால் அழைக்கும். மரநிழலும் நீரும் மான் கூட்டமும் மனித நடமாட்டமற்ற குகைகளும் அதற்கு இன்றியமையாதவை. தனித்து நின்றால் கடமானை வீழ்த்த அதனால் இயலாது. பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் இயலும். ஆகவே கூட்டமே அதன் வலிமை.

இக்கூட்ட வாழ்வை நமக்குத் தெளிவாக எடுத்துரைத்தவர் நம் தென்னாட்டவரே. நாங்குநேரியில் பிறந்து, சிவகாசியில் கல்லூரி ஆசிரியராய்ப் பணியாற்றிய ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் தங்கிச் செந்நாய்களை ஆராய்ந்தார். 2024-இல் அவர் மறைந்தார்.

ஒரு கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு பெண் செந்நாயே குட்டிகளை ஈனும். ஆனால் வளர்ப்பது எல்லோருடைய கடமை. சில குகையருகே காவல் நிற்கும். மற்றவை வேட்டைக்குச் சென்று, உண்ட இறைச்சியைத் திரும்பிவந்து தாய்க்கும் குட்டிகளுக்கும் கக்கிக் கொடுக்கும். குட்டிகள் வளர்ந்து வேட்டைக்களத்திற்கு வரும்போது, பெரியவை விலகி நின்று அவற்றை முதலில் உண்ண விடும். பசித்த வேட்டைநாய் பசித்த குட்டிக்கு வழிவிடுகின்றது!

இத்தகைய உயிரை மனிதன் கொடியதென்று பழித்தான். ஆங்கிலேயர் ஆட்சியில் செந்நாயைக் கொன்றவர்க்குப் பரிசுப் பணம் வழங்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளித்தது. ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. காடு துண்டாகின்றது, இரை குறைகின்றது, மாட்டை இழந்தவர் சிலர் பிணத்தில் நஞ்சு வைக்கின்றனர், காட்டோரத்து நாய்களிடமிருந்து வெறிநோயும் பிற தொற்றுகளும் பரவுகின்றன. உலகெங்கும் இனம் பெருக்கும் பருவத்துச் செந்நாய்கள் 949 முதல் 2,215 வரையே இருக்கலாம் என்று 2015-ஆம் ஆண்டின் மதிப்பீடு கூறுகின்றது. கூட்டமாய் வாழும் விலங்கிற்கு நோயும் கூட்டமாகவே வருகின்றது என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது.

'மானைக் கொல்லும் நாய் அழிந்தால் நமக்கென்ன?' என்று கேட்போர் இருக்கலாம். மான்கள் அளவின்றிப் பெருகினால் இளங்கன்றுகள் மேயப்பட்டு மரங்கள் தழைப்பது கடினம். மரமற்ற மலை மழைநீரைத் தாங்கி வைக்காது. மலை வறண்டால் வைகையின் கடைமடையில் இருக்கும் நம் கண்மாயின் கதி என்ன?

நோவாவின் பேழையில் மனிதனுக்குப் பயன்படும் விலங்குகள் மட்டுமா ஏற்றப்பட்டன? எல்லா உயிர்களும் ஏற்றப்பட்டன அன்றோ! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸும் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், ஒவ்வோர் உயிருக்கும் இறைவன் திருமுன் தனக்கே உரிய மதிப்பு உண்டென்பதை நினைவூட்டினார்.

மலைப்பகுதியில் உறவினர் உள்ள நம் குடும்பங்கள், அவர்கள் வளர்க்கும் நாய்களுக்குத் தடுப்பூசி போடுமாறு சொல்லலாம். சுற்றுலா செல்வோர் காட்டில் உணவுக் கழிவை எறியாதிருக்கலாம். இவை சிறு செயல்களே. இன்னொன்றும் நம் வீட்டிலேயே செய்யத்தக்கது. இன்றிரவு உணவுக்கு அமரும்போது, நம் இல்லத்தில் முதல் கவளம் யாருக்குச் செல்கின்றது என்று பார்ப்போம். வலியவருக்கா, எளியவருக்கா? செந்நாய்க் கூட்டம் தன் விடையை நமக்கு முன்பே சொல்லிவிட்டது.