ஹலால் முத்திரை இல்லாத கடையில் சாப்பிடலாமா?

ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் என நெகிரி செம்பிலானில் தோட்டங்களை ஒட்டிய எந்தச் சிறு பட்டணத்துக்குப் போனாலும் மாமாக் கடை, வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, சீனர் காப்பிக்கடை எல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருக்கும். பால்மரக் காட்டில் சேர்ந்து உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று சிரம்பானிலும் நீலாயிலும் ஒன்றாக வேலை பார்க்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது, “பாய், இங்க சாப்பிடுவீங்களா?” என்று முஸ்லிம் நண்பரிடம் யாராவது கேட்பார்கள். அவர் தயங்குவார். “கோழிதானே பாய்?” என்பார் இன்னொருவர். கோழி என்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை.

முதலில் முத்திரையைப் பற்றி. மலேசியாவில் ஹலால் சான்றிதழை இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமும் மாநில இஸ்லாமிய அமைப்புகளும் வழங்குகின்றன. சான்றிதழ் வாங்கியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. பன்றி இறைச்சியும் மதுவும் விற்காத கடைகளுக்கு அதைக் கட்டாயமாக்கலாமா என்று 2024 செப்டம்பரில் பெரிய விவாதம் எழுந்தது. கடைசியில், விரும்புகிறவர்கள் வாங்கலாம் என்ற பழைய நிலையே நீடித்தது. ஆகவே முத்திரை இல்லாத கடையெல்லாம் ஹராம் கடை அல்ல. அதே சமயம், சான்றிதழ் இல்லாமல் ‘ஹலால்’ என்று கடைக்காரரே எழுதி மாட்டுவது 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம். ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பலகைக்கு அந்த வார்த்தைகளுக்கு மேல் பொருள் கிடையாது. கோழியை யார் அறுத்தார்கள் என்று அது சொல்லாது.

அறுத்தது யார் என்பதுதான் முக்கியமான கேள்வி. முஸ்லிம் ஒருவர் இறைவன் பெயரைச் சொல்லி முறைப்படி அறுத்திருக்க வேண்டும். இறக்குமதியாகும் ஆடு, மாடு, கோழி இறைச்சிக்கு ஹலால் அங்கீகாரம் வேண்டும் என்பது மலேசிய விதி. அதனால் இந்துக் கடையில் வேகும் ஆட்டிறைச்சி பல நேரம் ஹலால் இறைச்சியாகவே இருக்கும். ஆனால் வீட்டில் வளர்த்துத் தாமே அறுத்த நாட்டுக்கோழியும், முனியாண்டி கோயிலில் வெட்டிய கிடாவும் அப்படி அல்ல. கோயில் கிடாக்கறியை முஸ்லிம் நண்பர் மறுத்தால், அது சாமிக்குப் படைத்தது என்பதே காரணம். நம்மை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது சட்டி. மலேசிய முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) பன்றி கடுமையான நஜீஸ், அதாவது அசுத்தம். அது பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். காப்பிக்கடைக்காரர் ஒரே குவாலியில் பன்றியை வதக்கி, லேசாக அலசிவிட்டு மீ கோரிங் போட்டால், அதில் முட்டையும் கீரையும் மட்டும் இருந்தாலும் ஒரு முஸ்லிம் அதைத் தொடமாட்டார். சிரம்பானுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சியூ பாவ் பன்றியிலும் வரும், கோழியிலும் வரும். இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தால் கோழி பாவும் அவருக்கு ஆகாது. நபியவர்களிடம் அபூ ஸஅலபா என்ற தோழர் பிற சமயத்தாரின் பாத்திரங்களைப் பற்றிக் கேட்டதாகவும், வேறு கிடைக்காவிட்டால் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம் என்று பதில் வந்ததாகவும் ஹதீஸில் உண்டு. பாத்திரத்தைப் பற்றிய கேள்வி அவ்வளவு பழையது.

மாட்டிறைச்சி சாப்பிடாத இந்துக்களுக்கு இது எளிதில் புரியும். நாசி கண்டார் கடையில் மாட்டுக் குழம்பில் விட்ட கரண்டியை அப்படியே கோழிக் குழம்பில் விடுவதைப் பார்த்து, “அண்ணே, வேற கரண்டி போடுங்க” என்று நம்மில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறோம். பாய் கேட்பதும் அதே கேள்விதான்.

மது விற்கும் கடையைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. மது பரிமாறப்படும் மேசையில் உட்காரக்கூடாது என்பதில் பலரும் கண்டிப்பாக இருக்கிறார்கள். பக்கத்து மேசையில் பீர் இருந்தால் சிலர் எழுந்துவிடுவார்கள், சிலர் தள்ளிப்போய் உட்காருவார்கள். அதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம்.

பன்றியும் மதுவும் இல்லாத வாழை இலைக் கடைகள் ஏன் சான்றிதழ் வாங்குவதில்லை என்று கேட்கலாம். சான்றிதழுக்குச் சமையலில் முஸ்லிம் ஊழியர் வேண்டும். வளாகத்தில் வழிபாட்டுப் பொருள் இருக்கக்கூடாது. கல்லாவுக்கு மேல் பிள்ளையார் படமும் காலையில் ஊதுபத்தியும் இல்லாமல் கடை திறக்காத முதலாளி அதற்கு எப்படிச் சம்மதிப்பார்? என் பார்வையில் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேட்கிற வாடிக்கையாளரிடம் கோழி எங்கே வாங்கியது, யார் அறுத்தது என்பதை உள்ளபடி சொல்லும் கடமை அவருக்கு உண்டு. வியாபாரம் போய்விடும் என்று மழுப்புவது பெரிய தவறு.

தோட்டத்துக் கல்யாணத்துக்கு மலாய், முஸ்லிம் நண்பர்களை அழைப்பவர்கள் முஸ்லிம் சமையல்காரரிடம் சொல்லி, அவருடைய சட்டி, தட்டு, கரண்டியோடே தனி மேசை போடச் சொல்லலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கூட்டம் ஏறும் நேரத்தில் பரிமாறும் பையன்கள் அந்த மேசைக் கரண்டியை எடுத்துப் பொதுப் பந்தியில் போட்டுவிடுவார்கள். பொறுப்பாக ஒருவரை அங்கேயே நிற்க வையுங்கள்.