வண்டுகளின்மீது வாழும் நுண்பூசணங்கள்

அசுவினிகளைத் தின்று உழவர்க்கு உதவும் பொறிவண்டுகளைக் கைலென்சு கொண்டு நோக்குங்கால், சிலவற்றின் மேலிறகு விளிம்பில் மஞ்சள் நிற மயிர்க்கற்றை போன்ற ஒன்று காணப்படுவதுண்டு. அதனை உடல்மயிர் என்று விட்டுவிடுவோரும் உளர். கொல்லும் நோய் என்று அஞ்சி வண்டுகளை அழித்துவிடுவோரும் உளர். இரண்டும் தவறு. பின்னதால் பயிருக்கே இழப்பு.

இவை லபூல்பெனியேலிஸ் என்னும் வரிசையைச் சேர்ந்த பூசணங்கள். பூச்சியியல் வல்லுநரே ஒரு காலத்தில் இவற்றை மேல்தோலின் இயல்பற்ற வளர்ச்சி என்று கருதினர். 1853-இல் மோந்தாஞ், ரோபென் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இவற்றைப் பூசணமாக ஏற்று, லபூல்பேன் என்னும் பூச்சியியலாரின் பெயரால் ஓர் இனத்தை நிறுவினர். அமெரிக்கரான ரோலண்டு தாக்ஸ்டர் 1896 முதல் 1931 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்ட பெருநூலே இத்துறைக்கு அடித்தளம். இன்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன; அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு வண்டுகளின்மீது வாழ்வன.

கொல்லும் பூசணத்தினின்று இதனைப் பிரித்தறிதல் கடினமன்று. தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு மெட்டாரைசியம் பூசணத்தால் இறந்தால், உடல் முழுதும் முதலில் வெண்மையாகவும் பின்னர்ப் பச்சைத் தூளாகவும் படர்ந்திருக்கும். லபூல்பெனியேலிஸ் பூசணத்தில் படரும் இழைகளே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரத்தில் நிற்கும். அதனைச் சுமக்கும் வண்டோ உயிருடன் ஓடித் திரியும். மிகுதியான தொற்று வண்டின் வாழ்நாளைக் குறைக்கக்கூடும். எனினும், பெரும்பாலும் தீங்கு சிறிதே.

நுண்ணோக்கியில் மூன்று பகுதிகளைத் தேடவேண்டும். அடியில் வண்டின் தோலைப் பற்றிய, பெரும்பாலும் கருத்திருக்கும் பாதம். அதன்மேல் சில உயிரணுக்களாலான தாங்கி. தாங்கியின்மேல் குடுவை வடிவான வித்துக்கூடும், கிளைத்த அல்லது கிளையற்ற இணையுறுப்புகளும். மயிருக்கு வித்துக்கூடு இராது. அதனுள் இருக்கும் வித்துகள் இரண்டு அணுக்களை உடையவை, பசைத்தன்மை கொண்டவை. காற்றில் பறவாமல், பெரும்பாலும் வண்டு வண்டைத் தொடும்போதே இடம் மாறுகின்றன.

ஆகவே பூசணம் உடலின் எப்பக்கத்தில் உள்ளது என்பதும் ஒரு செய்தியாகும். பொறிவண்டில் ஆணுக்கு அடிவயிற்றிலும் பெண்ணுக்கு மேலிறகின்மீதும் தொற்று மிகுந்திருப்பது புணர்ச்சியின்போது அது பரவியதைக் காட்டும். இடத்தை மட்டும் நம்பிப் பெயரிடுவதிலும் இடர் உண்டு. லாக்கோஃபிலஸ் என்னும் நீர்வண்டில், இடத்துக்கு ஒன்றாகக் கருதப்பட்ட கைட்டோனோமைசிஸ் சிற்றினங்களுட் சில உண்மையில் ஒன்றே என்று 2012-இல் மரபணு ஆய்வு காட்டிற்று. மாறாக, பொறிவண்டுகள் பலவற்றுக்கும் பொதுவானது என எண்ணிய ஹெஸ்பெரோமைசிஸ் பூசணம் பல சிற்றினங்களின் தொகுதி எனத் தெரிந்தது. ஹார்மோனியா வண்டுக்குரியது 2022-இல் தனிப்பெயர் பெற்றது.

இக்காரணத்தால் முதலில் வண்டின் சிற்றினத்தைச் சரியாக அறிதல் வேண்டும். இப்பூசணத்தைச் செயற்கை உணவில் முழுமையாக வளர்க்க இயலாமையால், வண்டின்மீதுள்ள மாதிரியே சான்று. வண்டினை 70 சதவீத ஆல்கஹாலில் இட்டு, மேலிறகு விளிம்பு, கால்கள், உணர்கொம்பு, வயிற்றின் நுனி ஆகியவற்றை ஆராய்க. மெல்லிய ஊசியால் பூசணத்தைப் பாதத்தோடு பெயர்த்து, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி கிளிசரினில் வைத்து மூடி, 400 மடங்கு உருப்பெருக்கத்தில் நோக்குக. பாதம் ஒடிந்துவிட்டால் அடையாளம் காண்பது அரிதாகும், அவசரம் கூடாது. எல்லாவற்றையும் பெயர்த்துவிடாமல் சிலவற்றை வண்டின்மீதே விட்டுவைக்கவும்.

வண்டின் பெயர், பால், தொற்றிய இடம், ஊர், நாள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே இடவேண்டும். ஒரு குப்பிக்கு ஒரு வண்டே போதும். பலவற்றைச் சேர்த்து இட்டால், உதிர்ந்த பூசணம் எதற்குரியது என்று பின்னர் எவராலும் கூற இயலாது.