நொடித்த கதையும் முதலாகுமா?

கடைத்தெருவில் ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால், அதன்பின் அவர் பெயரை நாம் எப்படிச் சொல்கிறோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கடன் முழுவதையும் அடைத்து, பத்து வருடம் கழித்து வேறு தெருவில் அவர் கடை திறந்தாலும், "அந்த நொடிச்ச கடைக்காரரா?" என்றுதான் கேட்போம். அவரும் பழைய கதையை வாய்திறந்து சொல்லமாட்டார். நட்டத்தை மூடி வைப்பதுதான் வியாபாரியின் மானம் என்று பழகிவிட்டோம். சரக்கு தேங்கியதையும் வசூல் நின்றுபோனதையும் வீட்டில்கூடச் சொல்லாமல், வட்டிக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இதற்கு நேர்மாறான ஒரு பழக்கத்தைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். தமக்கு நேர்ந்த சறுக்கலை ஊரறியப் பேசி, அந்தப் பேச்சினாலேயே தொழிலை நிமிர்த்திக்கொண்டவர்கள் அமெரிக்காவில் சிலர் உண்டு. அவர்கள் கையாண்ட கருவி பாட்காஸ்ட் என்னும் ஒலிப்பதிவு, சிலருக்கு எழுத்து. 'சொந்தப் பெயரையே பிராண்டாக்குவது' என்று அதற்கு ஒரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள். பெயர் புதிது, விஷயம் நமக்குப் புதிதல்ல. பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஜனங்கள் "அண்ணாச்சி கடை" என்றுதானே சொல்கிறார்கள்? ஆளை நம்பித்தான் கடைக்கு வருகிறார்கள்.

பாட்காஸ்ட் என்றால் என்ன என்று கேட்கும் அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். வானொலி நிகழ்ச்சி போன்றதுதான். ஆனால் நிலையமும் இல்லை, நேரமும் இல்லை. ஒருவர் தம் வீட்டிலேயே பேசிப் பதிவு செய்து, அந்த ஒலிக்கோப்பை இணையத்தில் ஏற்றிவைக்கிறார். கேட்பவர் தமக்கு வசதியான வேளையில் செல்போனில் கேட்கிறார். ஒருமுறை சந்தா போல் பதிந்துகொண்டால் அடுத்த பதிவு தானாக வந்து சேரும். பெரும்பாலும் பணம் கிடையாது. ஐபாட் என்ற கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து 2004-ல் பிறந்த சொல் இது. 2005-ல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸில் இதற்கு இடம் கொடுத்த பிறகு பரவியது. படிப்பதற்குக் கண் வேண்டும், உட்கார வேண்டும். இதற்கோ காது போதும். பொட்டலம் கட்டிக்கொண்டும் வண்டி ஓட்டிக்கொண்டும் கேட்கலாம் என்பதுதான் இதன் பலம்.

மார்க் மாரன் என்ற நகைச்சுவைக் கலைஞரை முதலில் சொல்லலாம். 2009-ல் ஏர் அமெரிக்கா வானொலியில் அவருக்கு இருந்த வேலை போயிற்று. மணவாழ்வும் முறிந்திருந்தது. பழைய நிலையத்துக்குள் நுழையும் அட்டை இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருந்ததால், இரவில் அங்கே போய், யாரையும் கேட்காமல் முதல் சில பதிவுகளைச் செய்தார். (இது நாம் பரிந்துரைக்கும் வழியல்ல!) பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் தம் வீட்டுக் கார் ஷெட்டில் மைக்கை வைத்துக்கொண்டார். விருந்தினரிடம் பேசுமுன் தம் தோல்வி, பொறாமை, பயம் எல்லாவற்றையும் தாமே சொல்லிவிடுவார். எதிரில் இருப்பவரும் மனம்விட்டுப் பேசுவார். அவரை வெளியே அனுப்பிய வானொலி 2010 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. அவருடைய கார் ஷெட்டுக்கு 2015 ஜூனில் அதிபர் ஒபாமாவே வந்து உட்கார்ந்து பேசினார். வாரம் இரண்டு என்று பதினாறு வருடம் நடத்தி, 2025 அக்டோபரில் தாமாகவே நிறுத்திக்கொண்டார். ஆனால் அவர் கலைஞர். பேச்சே அவருடைய சரக்கு. நமக்கு அவர் கதை ஓரளவுக்குத்தான் பொருந்தும்.

பாட் ஃபிளின் கதை இன்னும் கிட்டத்தில் வருகிறது. கலிஃபோர்னியாவில் கட்டட வரைபட நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்கு இருந்த இளைஞர். 2008-ல் கட்டுமானத் தொழில் படுத்தபோது அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அதற்குமுன் பசுமைக் கட்டடம் பற்றிய 'லீட்' என்னும் தேர்வுக்குப் படித்துத் தேறியிருந்தார். படித்தபோது எடுத்த குறிப்புகளைத் தம் வசதிக்காக ஓர் இணையப் பக்கத்தில் போட்டுவைத்திருந்தார். வேலை போன பிறகு பார்த்தால், ஊர்பேர் தெரியாத மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்! குறிப்புகளை ஒழுங்குபடுத்தி மின்நூலாக்கி, 20 டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக விலை வைத்தார். 2008 அக்டோபரில், அந்த முதல் மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 7,900 டாலர் வந்தது.

இதோடு நின்றிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. வேலை போனதையும், பிறகு நடந்ததையும், கையில் வந்த பணத்தையும் செலவையும் மாதாமாதம் கணக்காக எழுதி வெளியிடத் தொடங்கினார். பல வருடம் இப்படிச் செய்தார். பேரேட்டை வாசலில் விரித்து வைத்தது போல! 2010-ல் 'ஸ்மார்ட் பாஸிவ் இன்கம்' என்ற பாட்காஸ்ட்டைத் தொடங்கினார். தேர்வுப் புத்தகத்தின் இணைய முகவரியில் 'லீட்' என்ற சொல்லைச் சேர்த்திருந்ததால், அந்தப் பெயருக்கு உரிமை உள்ளவர்களிடமிருந்து வக்கீல் கடிதம் வந்தது. வியாபாரப் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மூக்குடைப்பையும் அவர் மறைக்கவில்லை. இதன் பலன் பின்னால் தெரிந்தது. வீடியோ எடுப்பவர்கள் கையில் பிடிக்கவும் தரையில் நிறுத்தவும் ஆகிற 'ஸ்விட்ச்பாட்' என்ற முக்காலியை ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து வடிவமைத்து, 2019-ல் முன்பதிவுக்கு விட்டபோது 4 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சரக்கு கைக்கு வருமுன்னே பணம் கட்டினார்கள். ஒன்பது வருடமாகக் காதில் கேட்ட குரலுக்குக் கிடைத்த கடன் அது.

இனி, நம்மைப் போலவே பொருளை விற்றுப் பிழைக்கிற ஒருவர். இவரைப் பற்றித்தான் நாம் விரிவாகச் சொல்ல நினைத்தது.

வர்ஜீனியா மாநிலத்தில் மார்கஸ் ஷெரிடன் என்பவரும் இரு பங்காளிகளும், வீட்டுத் தோட்டத்தில் நீச்சல்குளம் அமைத்துக் கொடுக்கும் தொழிலை நடத்திவந்தார்கள். 'ரிவர் பூல்ஸ்' என்று பெயர். அங்கே குளம் வைப்பவர்களில் பலர் வீட்டின்மேல் கடன் வாங்கித்தான் வைப்பார்கள். 2008-ல் வீட்டு விலை சரிந்து வங்கிகள் கையை மூடிக்கொண்டதும், வியாபாரம் ஒரேயடியாக நின்றது. முன்பணம் கட்டியவர்களே திருப்பிக் கேட்டார்கள். 2009 ஜனவரியில் வங்கிக் கணக்கு இருப்புக்குக் கீழே போய்விட்டது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. திவால் மனு போடச் சொல்லி ஆலோசனை சொன்னார்கள். வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் விளம்பரத்துக்கு விட்டுக்கொண்டிருந்தவர்களிடம் இப்போது விளம்பரத்துக்குக் காசே இல்லை.

அப்போது அவர் செய்தது ஒன்றே ஒன்று. இத்தனை வருடத்தில் வாடிக்கையாளர்கள் தம்மிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் நினைவுபடுத்தி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, இரவில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கேள்வியையே தலைப்பாக வைத்துப் பதில் எழுதி இணையத்தில் போட்டார். முதலில் எடுத்துக்கொண்டது எது தெரியுமா? விலை! ஃபைபர் கிளாஸ் குளம் என்ன விலை ஆகும் என்ற கேள்வி. அந்தத் தொழிலில் யாரும் விலையை வெளியே சொல்லமாட்டார்கள். நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்பார்கள். இவரோ எந்த எந்த வேலை சேர்ந்தால் எவ்வளவு ஏறும், ஏன் ஏறும் என்று விவரித்து எழுதினார். ஓரிரு வருடத்தில் அந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்களிடம் மட்டுமே பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொன்னார்.

அடுத்து அவர் எழுதியது இன்னும் துணிச்சலானது. தாம் விற்கும் ஃபைபர் கிளாஸ் குளத்தில் உள்ள குறைகள் என்னென்ன, யாருக்கு அது ஒத்துவராது என்று எழுதினார். தம் வட்டாரத்தில் நல்ல குளம் கட்டுபவர்கள் யார் யார் என்று போட்டியாளர்களின் பட்டியலையும் போட்டார். அதில் தம் பெயரைச் சேர்க்கவில்லை. நம் கடைத்தெருவில் இதைச் செய்தால் புத்தி கெட்டுவிட்டதா என்பார்கள். அங்கேயும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் போட்டியாளரின் பெயரைத் தேடிய வாடிக்கையாளரும் இவர் பக்கத்தில் வந்து விழுந்தார். இத்தனை வெளிப்படையாகச் சொல்பவரிடமே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார். தம் தளத்தில் 30 பக்கத்துக்குமேல் படித்துவிட்டு வருபவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் வாங்கிவிடுகிறார்கள் என்று ஷெரிடன் எழுதியிருக்கிறார். கம்பெனி பிழைத்தது, பின்பு தாமே குளம் தயாரிக்கவும் ஆரம்பித்தது. அவர் மற்ற வியாபாரிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, சொந்தமாக ஒரு பாட்காஸ்ட் நடத்தி, 2017-ல் புத்தகமும் போட்டார்.

இவ்விரு கதைகளிலும் நாம் கவனித்தது ஒன்று. ஃபிளினிடம் தேர்வுக் குறிப்பு இருந்தது. ஷெரிடனிடம் குளம் இருந்தது. சரக்கு முன்னால், குரல் பின்னால். வேலை போன கதையைக் கேட்டு யாரும் ஃபிளினுக்கு 20 டாலர் கொடுக்கவில்லை. தேர்வில் தேறவேண்டும் என்று கொடுத்தார்கள். "இவர் தம் நட்டத்தையே மறைக்கவில்லை, சரக்கின் குறையையா மறைப்பார்?" என்ற நம்பிக்கையைத்தான் கதை வாங்கித் தந்தது. அந்த நம்பிக்கை விற்பனைக்கு உதவும் முதல். அதையே விற்பனைக்கு வைத்தால் என்ன ஆகும்?

அதுவும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. "நான் நடுத்தெருவில் நின்றேன், இன்று கோடியில் புரள்கிறேன், எப்படி என்று மூன்று நாளில் சொல்லித்தருகிறேன்" என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் எல்லா ஊரிலும் முளைத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வகுப்புக் கட்டணத்தைத் தவிர உங்களுக்கு வேறு என்ன வரும்படி? பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடலாம். ஒன்றை மறந்துவிடக் கூடாது. பேசிப் பேசியும் கேட்பார் இல்லாமல், பத்துப் பதிவோடு நின்றுபோனவர்கள் கணக்கில்லை. வென்றவர் கதைதான் நம் காதுக்கு வருகிறது.

நம் மளிகைக் கடைக்காரர் இதில் எதை எடுத்துக்கொள்ளலாம்? பாட்காஸ்ட் தொடங்கி நாடு முழுவதும் பேசவேண்டிய அவசியமே இல்லை. அவருக்கு வேண்டியது சுற்றியுள்ள நாலு தெரு. வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் எண்கள் ஏற்கெனவே அவரிடம் உண்டு. விருப்பம் கேட்டுக்கொண்டு, வாரம் ஒரு தடவை மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்பினால் போதும். கல்லாவில் தினம் பத்துப் பேர் கேட்பதையே எடுத்துக்கொள்ளலாம். துவரம்பருப்பு ஏன் ஏறியது? எண்ணெய் தடவிய பருப்புக்கும் தடவாததற்கும் என்ன வித்தியாசம்? புது அரிசி ஏன் குழைகிறது, எவ்வளவு தண்ணீர் குறைக்க வேண்டும்? "போன மாதம் நான் வாங்கிய மிளகாயில் ஈரம் இருந்தது, பார்க்காமல் வாங்கிவிட்டேன், வாங்கிப்போனவர்கள் திருப்பிக் கொடுங்கள்" என்று ஒருவர் தம் குரலிலேயே சொன்னால், அந்த மூட்டையின் நட்டம் அவருக்கு விளம்பரச் செலவாகக் கழிந்துவிடும்.

கருவிச் செலவு பெரிதல்ல. கையில் உள்ள செல்போனும், சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக்கும் இருந்தால் ஆயிற்று. காலியான அறையில் குரல் எதிரொலிக்கும். மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் நின்று பேசினால் சாக்கு எதிரொலியை வாங்கிக்கொள்ளும். தெரு ஓசை அடங்கிய பிறகு, கடை கட்டும் நேரத்தில் பேசுவது நல்லது. எழுதிவைத்துப் படித்தால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

நட்டத்தைச் சொல்லும்போது தம் தவறைச் சொல்லலாம். பிறர் பெயரைச் சொல்லக்கூடாது. பணம் தராமல் ஏமாற்றிய தரகர், சரக்கை இறக்காமல் விட்ட மொத்த வியாபாரி என்று பெயர் சொல்லிப் பேசினால் அவதூறு வழக்கு வரும். கூட்டாளியின் கணக்கு, வாடிக்கையாளரின் பாக்கி இவையும் வெளியே வரக்கூடாது. வீட்டாரின் சம்மதம் இல்லாமல் வீட்டுக் கஷ்டத்தைப் பேசுவதும் முறையல்ல. இன்னொன்று, உணவுப் பொருள் விற்பவர்கள் மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: இந்தத் தினையைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும், இந்த எண்ணெய் இதய நோயைப் போக்கும் என்று வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது. 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. குரல் பதிவில் சொன்னது விளம்பரம் ஆகாது என்று தப்பித்துக்கொள்ள நினைக்க வேண்டாம். பேசியது நம் குரல்தான் என்பதற்கு நாமே அனுப்பிய பதிவு சாட்சியாக நூறு செல்போன்களில் இருக்கும்.

சங்க உறுப்பினர்களில் எவரேனும் ஏற்கெனவே இப்படிப் பேசி அனுப்பிவந்தால், எத்தனை பேர் கேட்கிறார்கள், எந்தப் பேச்சுக்குக் கடையில் ஆள் வந்தது, எதற்கு வரவில்லை என்பதை நமக்கு எழுதுங்கள். வராததையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.