வண்டி போயிற்று, பெயர் போயிற்றா?

காலைக் காப்பி ஆறுவதற்குள் தபால்காரர் ஒரு ரிஜிஸ்தர் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் படித்த என் கணவரின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வேன் யாரோ ஒருவர்மேல் மோதிவிட்டதாம்! சொந்தக்காரர் என்ற முறையில் அவர் நஷ்ட ஈட்டு வழக்கில் ஆஜராக வேண்டுமாம்!

"நம் வேனா? அதை விற்று ஆறு மாதம் ஆகிறதே!" என்றேன்.

அந்த வேன் எங்கள் வீட்டுச் செல்லப்பிள்ளை. உள்ளே இரண்டு படுக்கைகள், சிறு அடுப்பு மேடை. குற்றாலம், ஏற்காடு என்று ஊர் ஊராகச் சுற்றினோம். குழந்தைகள் பெரியவர்களானதும் வாசலில் தூசி படிந்து நின்றது. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர் ரொக்கமாகப் பணம் கொடுத்தார். இவரும் தேதிகூடப் போடாமல் இரண்டு பாரங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டார். "பெயரை நான் மாற்றிக்கொள்கிறேன், ஸார்" என்று சொல்லிவிட்டுப் போனவர், மாற்றவே இல்லை!

வக்கீலிடம் ஓடினோம். "ஆர்.ஸி.யில் யார் பெயரோ, சட்டத்தின் கண்ணுக்கு அவரே சொந்தக்காரர்" என்றார். 2007-இல் விற்கப்பட்டுக் கைமாறிக்கொண்டே போன ஒரு கார், 2009-இல் விபத்துக்குள்ளாயிற்றாம். பெயர் மட்டும் மாறவில்லை. பதிவேட்டில் பெயர் இருந்தவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் நல்ல காலம், இன்ஷ்யூரன்ஸ் காலாவதி ஆகவில்லை. "பயப்படாதீர்கள்" என்று வக்கீல் தைரியம் சொன்னார். ஆனாலும் கோர்ட்டுப் படி ஏறியாக வேண்டும்!

சகோதரிகளே, எங்களுக்குக் கிடைத்த பாடத்தை நீங்கள் செலவில்லாமல் படித்துக்கொள்ளுங்கள்.

விற்பவருக்கு: வண்டியை விற்றதைத் தெரிவிப்பது 29-ஆம் பாரம், பெயர் மாற்றம் கோருவது 30-ஆம் பாரம். விற்ற 14 நாட்களுக்குள் விற்றவரே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு. வெற்றுப் பாரத்தில் கையெழுத்திடவே கூடாது. வண்டியை ஒப்படைத்த தேதியையும் மணியையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டாகையும் மறக்காமல் ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் போகும் சுங்கச் சாவடிக்கெல்லாம் நீங்கள் பணம் கட்டுவீர்கள்!

வாங்குபவருக்கு: எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.ஸி.யோடு ஒத்துப் பாருங்கள். கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் பாரமும் கடன் கொடுத்தவரின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் வேண்டும். படுக்கையும் அடுப்பும் பின்னால் பொருத்தியவையா? அந்த மாற்றத்துக்கு அனுமதி பெற்று ஆர்.ஸி.யில் பதிந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இன்ஷ்யூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாவிட்டால், பிறருக்கு நேரும் நஷ்டத்துக்குப் பாலிஸி கைகொடுத்தாலும் உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்குக் கைகொடுக்காது.

வெளி மாநில வண்டி மலிவாகக் கிடைக்கிறதா? அங்கிருந்து 28-ஆம் பாரத்தில் ஆட்சேபணையின்மைச் சான்று வர வேண்டும். இங்கே வாகன வரியும் கட்ட வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மலிவா என்று சொல்லுங்கள்.

மற்ற வரிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. கிடையாது. பழைய வண்டி வியாபாரிகள்தான், தங்களுக்குக் கிடைக்கும் லாபத்தின்மேல், 2025 முதல் 18 சதவிகிதம் கட்டுகிறார்கள். சொந்த வண்டி விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரியும் இல்லை.

"இனிமேல் எதில் கையெழுத்திட்டாலும் உன்னிடம் காட்டிவிட்டே இடுவேன்" என்கிறார் இவர். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது எத்தனை சடங்கு செய்கிறோம்! வண்டியை அனுப்பும்போது இந்த இரண்டு பாரங்களையாவது ஒழுங்காகப் பூர்த்தி செய்யக் கூடாதா?