குப்பையை எரித்தால் கரண்ட் வரும், கூடவே என்ன வரும்?



குப்பையிலிருந்து கரண்ட் எடுக்கிறாங்க என்று கேட்டால் நமக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்! குப்பையும் ஒழியும், லைட்டும் எரியும். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனால் 2025 மே லீவில் சென்னை வியாசர்பாடியில் இருக்கிற எங்க சித்தி வீட்டுக்குப் போனபோது, அந்தத் திட்டம் வேண்டாம்னு வடசென்னை மக்கள் ரோட்டில் கைகோத்து மனிதச் சங்கிலியா நின்னாங்க. சித்தியும் நின்னாங்க. "நல்ல திட்டத்தை ஏன் சித்தி வேண்டாங்கிறீங்க?" என்று கேட்டேன். "படிக்கிற பிள்ளைதானே, நீயே படிச்சுப் பாரு"ன்னு சொல்லிட்டாங்க. படித்ததையும் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

திட்டம் என்ன?

சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருது. அதைத் தெற்கே பெருங்குடியிலும் வடக்கே கொடுங்கையூரிலும் மலை மலையாகக் கொட்டி வைத்தார்கள். கொடுங்கையூரில் தினமும் 2,100 டன் குப்பையை எரித்து 31 மெகாவாட் மின்சாரம் எடுக்க மாநகராட்சி திட்டம் போட்டது. 31 மெகாவாட் என்றால் எவ்வளவு? நம்ம சங்கரன்கோவில் பக்கம் சுத்துற காத்தாடி மாதிரி, 2 மெகாவாட் காத்தாடி பதினைந்து பதினாறு சேர்ந்து நல்லா சுத்தினால் வருகிற கரண்ட். அவ்வளவுதான்.

எப்படிக் கரண்ட் வருகிறது?

குப்பையைப் பெரிய உலையில் எரிப்பார்கள். அந்தச் சூட்டில் தண்ணீர் நீராவியாகும். நீராவி டர்பைனைச் சுற்றும், கரண்ட் வரும். நிலக்கரிக்குப் பதிலா குப்பை, வேறொன்றுமில்லை. புகை கடைசியில் வடிகட்டி வழியாப் போய், உயரமான புகைபோக்கியில் வெளியேறும்.

மக்கள் ஏன் பயப்படுகிறார்கள்?

1. ஈரம். நம்ம வீட்டுக் குப்பையில் பாதிக்குப் பாதி பழைய சோறு, காய்கறித் தோல், வாழை இலைதான். நனைஞ்ச தீக்குச்சி பத்துமா? தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். டெல்லி திமார்பூரில் 1987-ல் இப்படி ஒரு ஆலை கட்டினார்கள். 21 நாள்தான் ஓடியது. குப்பையில் ஈரமும் மண்ணும் இருந்ததால் சரியாக எரியவில்லை.

2. புகை. ஈரக் குப்பை எரியாது என்றால் நன்றாக எரிவது எது? பிளாஸ்டிக்! குளோரின் உள்ள பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்ற விஷம் உண்டாகும். இது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. உடம்பில் உள்ள கொழுப்பில் தங்கி, வருஷக்கணக்கில் போகாது. உலையில் 850 டிகிரி சூடு குறையாமல் இருந்தால், இரண்டு வினாடியில் பெரும்பகுதி அழிந்துவிடும். ஈரக் குப்பை உள்ளே போனால் அந்தச் சூடு எப்படி நிற்கும்?

3. சாம்பல். எரித்தால் எல்லாம் மறைஞ்சு போகாது. எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். 2,100 டன்னுக்குக் கணக்குப் போட்டால் தினமும் 500 டன்! வடிகட்டியில் பிடிபடும் சாம்பலில் ஈயம், காட்மியம் போன்றவை இருக்கும். அதை எங்கே கொட்டுவது?

4. இடம். வடசென்னையில் ஏற்கெனவே மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையம் எல்லாம் இருக்கின்றன. "எல்லாத்தையும் எங்க பக்கமே கொண்டாந்து வைப்பாங்களா?" என்பதுதான் சித்தியின் கேள்வி. எனக்குப் பதில் தெரியலை.

மறுபக்கத்தையும் சொல்லணும்

அதிகாரிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கு. குப்பையைச் சும்மா குவித்து வைத்தால் மீத்தேன் வாயு உண்டாகும், தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு பற்றி எரிந்து, நாள்கணக்கில் புகைந்தது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகருக்குள்ளேயே இப்படி ஒரு ஆலை 2017-ல் வந்தது. அதன் கூரை மேல் பனிச்சறுக்கு விளையாடுகிறார்களாம்! ஆனால் அங்கே குப்பையில் ஈரம் குறைவு, புகையையும் கண்டிப்பாக அளக்கிறார்கள். குளிர்நாடு என்பதால் மிச்சச் சூடும் வீடுகளுக்குப் போகுது. நம்ம நாட்டில் டெல்லி ஓக்லாவில் 2012-ல் தொடங்கிய ஆலைக்கு எதிராக மக்கள் பல வருஷம் கேஸ் நடத்தினார்கள். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையை ஓட்ட அனுமதித்தது. ஆனால் 25 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. ஆகவே மெஷின் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. உள்ளே போடும் குப்பையும், வெளியே வரும் புகையை அளப்பதும் சரியாக இருக்கணும்.

நம்ம ஊருக்கு இதுல என்ன?

இதை எழுதும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. எங்க வீட்டில் விறகு அடுப்புப் பத்த வைக்கிறது நான்தான். தினமும் ஒரு பால் கவரைக் கொளுத்தித்தான் பத்த வைப்பேன். சாயங்காலம் வாசல் கூட்டி, பிளாஸ்டிக்கும் சருகுமாகத் தெரு முக்கில் போட்டுக் கொளுத்துவதும் நான்தான். திண்ணையில் இருக்கிற எங்க ஆச்சிக்கு இளைப்பு உண்டு. புகை வந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பாங்க. சென்னை ஆலையிலாவது வடிகட்டியும் புகைபோக்கியும் உண்டு. என் நெருப்புக்கு என்ன இருக்கு? 850 டிகிரியும் கிடையாது. புகை நேரா ஆச்சி மூக்குக்குத்தான் போச்சு.

இப்போ அடுப்புக்குப் பனை ஓலையும் தேங்காய் நாரும் வைக்கிறேன். காய்கறித் தோல் எரு குழிக்குப் போகுது. பால் கவரைக் கழுவிக் காயவச்சு, சேர்ந்ததும் பழைய இரும்புக் கடையில் போடுறோம். மற்றதைக் குப்பை வண்டியில் பிரித்துக் கொடுக்கிறோம். முதலில் அம்மா "உனக்கு வேற வேலையில்லையா?"ன்னு ஏசினாங்க. இப்போ அவங்களே பிரித்து வைக்கிறாங்க. ஆச்சிக்கு இளைப்பு முழுசா நிக்கலை. ஆனால் முந்தானையால் மூக்கைப் பொத்துறது குறைஞ்சிருக்கு.

வீட்டிலேயே பிரித்துவிட்டால், எரிக்க வேண்டிய குப்பை கொஞ்சம்தான் மிஞ்சும். கொடுங்கையூருக்கும் அதேதான், திருவேங்கடத்துக்கும் அதேதான்.

சிந்திக்க: நேற்று உங்கள் வீட்டுக் குப்பை எங்கே போனது? நாளைக் காலையில் வகுப்பில் சொல்லுங்கள் பார்ப்போம்!

மக்குவதை மண்ணுக்குக் கொடுப்போம்!
மக்காததை நெருப்புக்குக் கொடுக்காதிருப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி