வாடைக் காலத்து வரிச்சலுகை

மன்னார் நகரிலே சொந்தக் கட்டடத்தில் வர்த்தகம் நடத்துவோருக்கும், கடை கட்டி வாடகைக்கு விட்டிருப்போருக்கும் ஆதனவரியில் கிடைக்கும் சகாயங்களுள் எல்லோருக்கும் பொதுவானதாகத் தோன்றுவது, வருடம் முழுவதற்குமான வரியை ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஒரே தடவையில் செலுத்துவோருக்கு அளிக்கப்படும் 10 சதவீதக் கழிவே ஆகும். காலாண்டுத் தொகையை அக்காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம். இலங்கையின் மற்ற நகரங்களிலும் இதுவே வழக்கம்.

ஆனால் இத்திகதியைக் குறித்தபோது மன்னாரின் காற்று எவர் நினைவிலும் இருந்ததாகத் தெரியவில்லை. வாடை எழுந்து பாக்கு நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும் மாதங்களில், பேசாலை போன்ற வடகரை ஊர்களிலே வள்ளங்கள் கரையேறிக் கிடக்க, தொழிலாளரிற் சிலர் தென்கரைக்கு வாடி மாற்றிச் செல்ல, ஏனையோர் கையில் காசின்றிக் காத்திருக்க, அந்தக் குடும்பங்களின் நத்தார் உடுப்பும், பொங்கல் அரிசியும், பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பியும் நகரத்துக் கடைக்காரரின் கடன் கொப்பியிலேயே ஏறுகின்றன. கடல் அடங்கி மீன் விலைப்பட்ட பின்னரே அக்கடன் பணமாகும். 2010இல் புதிய பாலமும், 2015இல் தலைமன்னார்த் துறைவரை ரயிலும் மீண்டு வந்தபோதிலும், மன்னார்த் தீவின் வியாபாரத்தை இன்றும் ஆள்வது கடலே. ஆகவே, ஜனவரியில் முழுவரியையும் எடுத்து வைக்கக்கூடியவர், கைமுதல் மிகுந்த, பல கடைகளுக்கு உரிமையாளரான சிலரே. ஒரேயொரு கடையை வைத்துக்கொண்டு ஊராருக்குக் கடன் கொடுத்துத் தாங்குபவரோ அந்தப் பத்துச் சதவீதத்தையும் இழக்கிறார். உதவி வேண்டியவரை விலக்கி, வேண்டாதவரைச் சென்றடையும் சலுகை என்ன சலுகை? இந்த அநியாயம் என் மனத்தை வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

 

வருட ஆரம்பத்தில் பணம் வராவிட்டால் தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் நகரசபை எங்கே போகும் என்பாரின் அபிப்பிராயத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், இரண்டு மாதம் பொறுத்தால் வந்துசேரக்கூடிய பணத்துக்காக நகரத்தின் சிறு வியாபாரியைத் தண்டிப்பது தகாது.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து 2025 மே 6ஆம் திகதித் தேர்தல்வரை பிரதிநிதிகளின்றிக் கிடந்த உள்ளூராட்சிச் சபைகளில் இப்பொழுது மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர்கள் அமர்ந்திருக்கின்றனர். கழிவுக்கான கடைசி நாளை மார்ச் 31வரை நீட்டவேண்டுமென ஒரு தீர்மானம் நிறைவேற்றி, விதியைத் திருத்தும் அதிகாரமுடையோருக்கு அதை அனுப்பி வைக்குமாறு மன்னார் உறுப்பினர்களை வேண்டிக்கொள்கிறேன். அடுத்த வாடை எழுவதற்கு முன்னரே அதைச் செய்யவேண்டும்.